எர்சிலியா சொன்ன கனவு

2014 ஜூன் மாதம் இரண்டாம் வாரத்தில், குவாஹிரா தீபகற்பத்தின் வடபகுதியில், ஹசாய்மனா குடியிருப்பின் ஊருணி வற்றியது.

அடியில் கிடந்த சேற்றை ஆடுகள் நக்கிப் பார்த்தன. பிறகு அதுவும் வெடித்து ஓடு ஓடாகப் பெயர்ந்தது. மழையில்லாத மூன்றாவது வருடம் அது. பக்கத்துக் குடியிருப்பில் காற்றாடி வைத்து இறைக்கும் கிணறு ஒன்று இருந்தது. முதலில் அதன் தண்ணீர் உப்பானது, அப்புறம் காற்றாடியின் தண்டு முறிந்தது. நகராட்சி லாரி வரும் என்றார்கள். சில சமயம் வரவும் செய்தது. ஆனால் தார்ச்சாலை ஓரத்துக் குடியிருப்புகளிலேயே தண்ணீர் தீர்ந்து, எங்கள் பக்கம் திரும்பாமலே போய்விடும்.

தெல்ஃபீன் வீட்டார் ஓடையில் தோண்ட ஆரம்பித்தார்கள்.

அந்த வீட்டுக்குப் பெரியவர் தெல்ஃபீன். வீடு அவருடைய அக்காவுடையது. அக்கா இறந்தபின் பிள்ளைகளுக்குத் தாய்மாமன் என்ற முறையில் எல்லாப் பொறுப்பும் அவரிடம் வந்தது. மூத்தவள் எர்சிலியா, அடுத்தவன் ஹசிந்தோ, கடைசி நூபியா. எர்சிலியாவுக்குக் கணவனும் ஐந்து வயதில் ஒரு மகளும் உண்டு. கணவன் எலோய் வேறு குலம், கடற்கரைக்காரன். வருடத்தில் பாதி நாள் மனாவுரே உப்பளத்தில் இருப்பான். மீதி நாள் மனைவி வீட்டில்.

தோண்டுகிறவன் ஹசிந்தோ. ஓடை மணலில் தோண்டுவதற்கு ஒரு முறை உண்டு. காய்ந்த கள்ளிமரத்தைப் பிளந்து பட்டையாக்கி, குழியின் சுவரைச் சுற்றி வளையம் வளையமாகச் செருகிக்கொண்டே இறங்க வேண்டும். மேல் வளையம் மணலைப் பிடிக்கும், அதன் பலத்தில் அடுத்ததைத் தோண்டலாம். இரண்டு ஆள் ஆழம்வரை ஹசிந்தோ அப்படித்தான் இறங்கினான். அதற்குமேல் கட்டை இல்லை. பச்சைக் கள்ளியை எல்லோரும் முள் பொசுக்கி ஆட்டுக்குப் போட்டுத் தீர்த்திருந்தார்கள். காய்ந்ததை அடுப்பு தின்றுவிட்டது. மூன்றாவது ஆள் ஆழம் வெறும் மணல்.

எர்சிலியாவும் நூபியாவும் மேலே நின்று தகரத்தில் மண்ணை இழுத்தார்கள். கவட்டை போட்ட இரண்டு கருவேலக் கம்பு, குறுக்கே ஒரு உருளை, கயிறு, எண்ணெய் டின்னை வெட்டிச் செய்த வாளி. காற்று காலையிலேயே வடகிழக்கிலிருந்து எழும்பிவிடும். இழுத்துக் கொட்டிய மண்ணில் பாதியை அது மறுபடி குழிக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

“அக்கா, மண்ணை அனுப்புறியா எடுக்குறியா?” என்று உள்ளேயிருந்து ஹசிந்தோ கத்துவான்.

“காத்தைக் கேளு,” என்பாள் நூபியா.

எர்சிலியா சிரிக்கமாட்டாள். அவள் கண் கள்ளிப்பட்டை முடிகிற இடத்திலேயே இருக்கும். தம்பியின் தலை அதற்கும் கீழே, கிணற்றுத் தவளையின் முதுகுபோலத் தெரியும். அவன் மண்வெட்டியை ஓங்கும்போதெல்லாம் அந்த வெறும் சுவரிலிருந்து ஒரு பிடி மணல் சத்தமில்லாமல் உதிரும்.

அவள் தூங்கி நாளாயிற்று. எங்கள் பக்கம் பெரியவர்களும் படுக்கிற தூளியில் அவள் படுத்தால் உடம்பு அசதியில் தொங்கும், கண் மட்டும் மூடாது. மணல் உதிர்கிற சத்தம் காதுக்குள்ளேயே இருக்கும். பகலில் பந்தலுக்கடியில் உட்கார்ந்து பை பின்னும்போது கண்ணி விட்டுப்போகும். பிரித்துப் பின்னுவாள், மறுபடி விட்டுப்போகும்.

“மாமா, எனக்குப் பயமா இருக்கு,” என்று ஒருநாள் தெல்ஃபீனிடம் சொன்னாள். அவர் கயிற்றின் புரியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எதுக்கு?”

“கட்டை இல்லாம இறங்குறான். சரிஞ்சா என்ன செய்ய?”

“இந்த ஓடையில எங்கப்பா தோண்டலியா? நான் தோண்டலியா?”

“நீங்க தோண்டுறப்ப கட்டை இருந்துச்சுல்ல.”

“இருந்துச்சு. இப்ப இல்ல. அதுக்காக ஆட்டைப் பூரா சாக விடவா? பயம் எல்லாருக்கும்தான் இருக்கு. பயத்தைக் கேட்டு வேலை பாத்தா இங்க ஒருத்தரும் எந்திரிக்க முடியாது.”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எங்கள் பக்கத்தில் விடிந்ததும் முதலில் கேட்பது தூங்கினாயா என்றல்ல, கனவு எப்படி என்றுதான். தெல்ஃபீன் வீட்டில் அது கட்டாயம். வெளிச்சம் வருவதற்குள் அடுப்பைச் சுற்றி எல்லோரும் உட்கார வேண்டும். சர்க்கரை போடாத கறுப்புக் காபியைக் குடித்துக்கொண்டே ஆளுக்கு ஒன்றாகச் சொல்ல வேண்டும். அவர் தலையைக் குனிந்து கேட்பார். பெரும்பாலும் ஒன்றும் சொல்லமாட்டார். சில கனவுக்கு விடியுமுன் குளிக்கச் சொல்வார், சிலதற்குப் பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்வார். கனவு கேட்டதைச் செய்யாமல் விட்டால் கனவில் கண்டது நடக்கும். இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

“எனக்குக் கழுதை வந்துச்சு,” என்றாள் நூபியா ஒரு காலையில். “தண்ணி கேனைச் சுமந்துக்கிட்டு நான் நடக்கேன். அது என் தோள்மேல ஏறி உக்காந்து வருது. வாரப்ப ஒரு பாட்டு வேற.”

“அது கனவில்ல. இந்த வாரம் நடந்ததைச் சொல்ற,” என்றான் ஹசிந்தோ.

“சும்மா இருங்க ரெண்டு பேரும்,” என்றார் தெல்ஃபீன். “நீ சொல்லுடா.”

“நான் வயிறு நெறைய ஆட்டுக்கறி தின்னேன் மாமா. அவ்வளவுதான்.”

“எர்சிலியா?”

எர்சிலியாவிடம் ஒன்றும் இல்லை. பல நாளாக இல்லை. ஒன்றுமில்லை என்று தொடர்ந்து சொன்னால், தன்னிடமிருந்து கனவு விலகிவிட்டது என்றாகும். அது நோயாளிக்கும் சாகப்போகிறவனுக்கும்தான் நேரும். அதனால் சின்னச் சின்னதாகச் சொல்லிவந்தாள். கள்ளிப்பழம் பறித்தேன். அம்மா வாசலில் நின்றாள். செருப்பு தொலைந்தது. யாருக்கும் கெடுதல் இல்லாத, எதையும் கேட்காத கனவுகள்.

அன்றைக்கும் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பாள். ஆனால் ஹசிந்தோ காபியை வைத்துவிட்டு எழுந்தான். மண்வெட்டியின் பிடியைக் கையில் எடுத்தான். முந்தின நாள் மண்ணில் ஈரம் தட்டியிருந்தது. ஈரம் என்றால் தண்ணீர் பக்கம். ஈரம் என்றால் சுவர் கனக்கும் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

“ஹசிந்தோவைக் கண்டேன் மாமா,” என்றாள்.

அவன் நின்றான்.

“என்ன கண்ட?”

“குழிக்குள்ள நிக்கான். கால்ல கயிறு கட்டியிருக்கு. கீழருந்து ஒருத்தர் இழுக்காங்க.”

தெல்ஃபீன் கோப்பையைத் தரையில் வைத்தார்.

“யாரு இழுக்கா?”

“முகம் தெரியல.”

“ஆம்பளையா பொம்பளையா?”

“பொம்பளை.” ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. மண்ணுக்கடியில் இருந்துகொண்டு ஆண்களை உள்ளே இழுக்கிறவளைப் பற்றி எங்களில் கேள்விப்படாதவர் இல்லை. அந்தச் சொல் விழுந்ததும் நூபியா அக்காவின் மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“கயிறு என்ன நிறம்?”

எர்சிலியாவுக்கு எதிரே அடுப்பில் காபிப் பானை இருந்தது. வருடக்கணக்கில் கரி ஏறிய பானை.

“கறுப்பு.”

“இவன் கத்துனானா, சும்மா போனானா?”

“சும்மா போனான்.”

“கத்தாமப் போறது கெட்டது,” என்றார் தெல்ஃபீன். கொஞ்சநேரம் மூக்கைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு ஹசிந்தோவைப் பார்த்து, “மண்வெட்டியை வையி,” என்றார்.

எர்சிலியாவின் உடம்பு தளர்ந்தது. அப்படியே சாய்ந்து தூங்கிவிடலாம்போல இருந்தது. மேற்கொண்டு அவர் சொன்னதைக் கேட்கும்வரை.

நிலா நிறையும்வரை ஹசிந்தோ வீட்டுக்குள் அடைந்திருக்க வேண்டும். வெயில் படக்கூடாது, ஓடையைப் பார்க்கக்கூடாது. உப்பில்லாத சோளக்கஞ்சிதான் சாப்பாடு. கறுப்பாக, ஒரு வெள்ளைமுடி இல்லாத ஆட்டை அறுத்து, ஒரு துண்டுகூட இந்த வீட்டார் தின்னாமல் மற்ற வீடுகளுக்குக் கொடுக்க வேண்டும்.

மந்தையில் அப்படிப்பட்ட ஆடு ஒன்றுதான் இருந்தது. அதன் பாலைத்தான் எர்சிலியாவின் மகள் குடித்துவந்தாள்.

“மாமா, அது கறக்குற ஆடு.”

“தெரியும்.”

“வேற நிறம்…”

“நிறத்தை நானா சொன்னேன்? நீதானம்மா கண்ட.”

அன்று காலையே ஆட்டை அறுத்தார்கள். அக்கம்பக்கத்தார் வந்து கறியை வாங்கிப்போனார்கள். பல வீடுகளில் அது மாதக்கணக்கில் பார்த்திராத கறி. வாங்கியவர்கள் எர்சிலியாவிடம் ஒன்றிரண்டு வார்த்தை பேசினார்கள். நல்ல கனவு, நேரத்தில் வந்த கனவு என்றார்கள். அவள் தோலை உப்புத் தடவி விரித்துக்கொண்டிருந்தாள். மகள் பக்கத்தில் நின்று, “இதுக்கு அப்புறம் எங்க போய்க் கறக்கிறது?” என்று கேட்டது.

ஹசிந்தோ உள்ளே அடைந்தான். மண்சுவர், ஜன்னல் இல்லாத அறை. வாசலில் பழைய போர்வையைத் தொங்கவிட்டார்கள். முதல்நாள் உள்ளேயிருந்து சலித்துக்கொண்டான். அடுத்த நாளிலிருந்து குறட்டைதான் கேட்டது.

“கஞ்சி ஊத்தித் தூங்கச் சொல்றாங்க. இந்த மாதிரி ஒரு கனவு எனக்கு ஒருத்தரும் காணமாட்டேங்காங்களே,” என்றாள் நூபியா. கழுதையோடு தண்ணீருக்குப் போவது இப்போது தினமும் அவள் வேலை. காலையில் கிளம்பினால் பொழுது சாயத்தான் திரும்புவாள். கொண்டுவருவது குடிக்கவே காணாது. ஆடுகள் பந்தல் நிழலில் படுத்தவை எழுவதை நிறுத்தின. ஒவ்வொன்றாகச் செத்தன. தெல்ஃபீன் செத்ததை இழுத்துப்போட்டுவிட்டு ஓடைக்கரையில் போய் நின்று, பாதியில் நிற்கிற குழியைப் பார்ப்பார்.

அந்தச் சமயத்தில்தான் எலோய் வந்தான்.

முதுகில் ஒரு மூட்டை உப்பு, கையில் காய்ந்த மீன் ஒரு கோர்வை. உப்பளத்தில் வேலை முடிந்துவிட்டது என்றான். உதடும் விரலிடுக்கும் உப்பில் வெடித்திருந்தன. மகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது என்ன, காத்தைத் தூக்குற மாதிரி இருக்கு,” என்றான். எர்சிலியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மீனைச் சுட்டுச் சாப்பிட்டபின் தெல்ஃபீன் பேச்சை எடுத்தார்.

“மாப்பிள்ளை, ஓடையைப் பாத்தீங்களா?”

“பாத்தேன். ஈரம் வந்திருக்கே. ஏன் நிறுத்திட்டீங்க?”

“ஹசிந்தோ இறங்கக்கூடாது. கனவு. நீங்கதான் ஒரு கை குடுக்கணும்.”

“அதுக்கென்ன,” என்றான் எலோய்.

எர்சிலியாவின் கையிலிருந்த ஊசி நின்றது. “இவரு எதுக்கு மாமா? இப்பத்தான் வந்து இறங்கியிருக்காரு.”

“வேற யாரு இருக்கா? நான் இறங்குனா நீங்க ரெண்டு குழி தோண்டணும், ஒண்ணு எனக்கு.”

“அந்தக் குழியே வேணாம்னுதானே கனவு சொல்லுச்சு.”

“குழியைச் சொல்லல. ஹசிந்தோவைச் சொல்லுச்சு. நம்ம ரத்தத்தைச் சொல்லுச்சு. உன் புருஷன் வேற ரத்தம், அவர் காலுல கயிறு இல்ல. இருந்துச்சா?”

இருந்தது என்று சொல்ல அவளுக்கு வாய் வந்தது. ஆனால் அவர் அன்றே கேட்டுக்கேட்டு, அவளே சொல்லிச்சொல்லி, அந்தக் கனவு முழுமையாகிவிட்டது. அதில் இரண்டாவது ஆளை நிறுத்த இடமில்லை. இன்னொரு கனவு சொல்லலாம். அதற்கு இன்னொரு ஆடு. அதற்கு மேலும் ஒரு கேள்வி.

“இல்ல,” என்றாள்.

எலோய் மறுநாள் காலை இறங்கினான். உப்பு வெட்டிப் பழகிய கை, மண் வேகமாக ஏறியது. எர்சிலியா உருளையைச் சுற்றினாள். வெறும் மணலுக்குக் கீழே இப்போது தெரிந்தது கணவனின் தொப்பி. அது உள்ளே போகப்போகச் சின்னதாகிக்கொண்டே வந்தது.

வெயில் உச்சிக்கு வந்தபோது அவன் மேலேறிவந்து கரையோரக் கருவேல நிழலில் உட்கார்ந்தான். அவள் கஞ்சி கொண்டுபோனாள். தெல்ஃபீன் வீட்டுப் பந்தலில் சாய்ந்திருந்தார். காற்றில் பேச்சு அந்தப் பக்கம் போகாது.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு.”

“அந்தக் கனவை நான் காணல.”

அவன் கஞ்சியை உறிஞ்சுவதை நிறுத்தினான்.

“தூங்குனாத்தானே காண்றதுக்கு? எனக்குத் தூக்கமே கிடையாது. ஹசிந்தோ இறங்கக்கூடாதுன்னு சொன்னேன். வேற எப்படி நிறுத்த?”

எலோய் சிரித்துவிட்டான். “கறுப்புக் கயிறு, பொம்பளை, எல்லாம்?”

“எல்லாம்.”

“உங்க மாமா அந்த ஆட்டை அறுத்தாரே!”

“சிரிக்காத.”

கொஞ்சநேரத்தில் அவன் சிரிப்பு தானாகவே நின்றது. குழியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

“அப்ப, உன் தம்பி உள்ள படுத்துக் குறட்டை விடுறான். நான் அவன் எடத்துல நிக்கேன்.”

“இறங்காத. நான் சொல்றேன்ல, இறங்காத.”

“இறங்கலைன்னா என்ன சொல்வாங்க தெரியுமா? பொண்டாட்டி வீட்டுல உக்காந்து மீன் திங்க வந்தவன், குழியைப் பாத்துப் பயந்துட்டான்பாங்க. நான் சொல்லி நிக்கமுடியாது. நீ போட்ட கட்டு, நீதான் அவுக்கணும். உங்க மாமாகிட்டப் போய்ச் சொல்லு.”

அவள் அப்போதே போனாள். நடக்கும்போது மணல் செருப்பைத் தாண்டிச் சுட்டது. தெல்ஃபீன் தூளியில் கண்ணைத் திறந்தபடி கிடந்தார். அவள் தரையில் உட்கார்ந்தாள். சொல்லிமுடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அவர் எழுந்து உட்காரவுமில்லை, கோபப்படவுமில்லை.

“உன் தூளிக் கயிறு ராத்திரி பூரா முனகுது,” என்றார். “அசையாமப் படுத்தவ தூளி முனகாது. அது எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சுமா ஆட்டை அறுத்தீங்க?”

“முனகுறதைக் கேக்கணும்னா நானும் முழிச்சுத்தானே கெடக்கணும்?”

எர்சிலியா நிமிர்ந்து பார்த்தாள்.

“கடைசியா நான் ஒரு கனவு கண்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா? ஊருணியில சேறு தெரிஞ்சதோட போச்சு. இந்த வீட்டுல எவன் தூங்குறான்? நூபியா கழுதைக் கதை சொல்றா, அவன் கறி தின்ன கதை சொல்றான், நானும் காலையில ஏதோ ஒண்ணைச் சொல்லி வைக்கேன். உன்னதையாவது நம்பலாம்னு நம்புனேன். ஒருத்தருக்காவது வந்திருக்கேன்னு இருந்துச்சு.”

“கனவுன்னாக் கேக்குறீங்க. நான் பயமா இருக்குன்னு வந்து சொன்னேனே, அன்னைக்கே கேட்டிருந்தா?”

“கேட்டிருக்கமாட்டேன்,” என்றார். “அது நிசம்தான்.”

காற்று பந்தலின் கூரைக் கள்ளியைத் தடதடவென்று அடித்தது. எங்கேயோ ஒரு ஆடு கத்தியது.

“இப்ப நிறுத்தச் சொல்லுங்க மாமா.”

“எதை? குழியையா? நூபியா கொண்டாரத் தண்ணியில உன் மகளுக்கு எத்தனை நாள் ஓட்டுவ? ஈரம் வந்தாச்சு. இன்னும் ஒரு ஆள் ஆழம்கூட இல்ல. நிறுத்த முடியாது. ஒருத்தன் இறங்கித்தான் ஆகணும்.” இப்போது எழுந்து உட்கார்ந்தார். “நீயே சொல்லு. கனவு பொய்யின்னா ஹசிந்தோவை வெளிய கூப்பிடுறேன், அவன் இறங்கட்டும். உன் தம்பி. கனவு நிசம்னா உன் புருஷன் இறங்கட்டும். ரெண்டுல எது?”

அவர் காத்திருந்தார். அவள் தரையிலிருந்த ஒரு ஆட்டுப் புழுக்கையை எடுத்து நசுக்கிக்கொண்டே இருந்தாள்.

“அப்ப இருக்கிறபடி இருக்கட்டும்,” என்றார் கடைசியில். “ஊருக்குக் கறி குடுத்தாச்சு. குடுத்துட்டுப் பொய்யின்னு சொல்லமுடியாது. ஒண்ணு மட்டும் கேட்டுக்க. இனிமே இந்தக் குழி முடியிறவரைக்கும் கனவைச் சொல்லி யாரும் வேலையை நிறுத்தக்கூடாது.”

அன்று மாலைவரை எலோய் தோண்டினான். மண் களியாக வந்தது. பிழிந்தால் உள்ளங்கை நனைந்தது. எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள். மகள் அதை நக்கப் பார்த்தபோது நூபியா கையைத் தட்டிவிட்டாள்.

மறுநாள் விடியுமுன் அடுப்பைச் சுற்றி வழக்கம்போல உட்கார்ந்தார்கள். தெல்ஃபீன் கனவு கேட்கவில்லை. காபி கைமாறிக்கொண்டிருந்தபோது போர்வைக்குப் பின்னாலிருந்து ஹசிந்தோவின் குரல் வந்தது.

“மாமா, கேக்கலையா? நான் ஒண்ணு கண்டேன்.”

காபி கைமாறுவது நின்றது.

“நிசமாவே கண்டேன் மாமா. உடம்பெல்லாம் வேர்த்துப்போச்சு. அம்மா வந்தா. குழி வாயில உக்காந்திருக்கா. ஓடை மண்ணைத் துணி மடிக்கிற மாதிரி மடிக்கா. ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. நல்லா நீவிவிட்டு மடிக்கா. என்னம்மா பண்றன்னேன். கையைக் காட்டுறா, கீழ மச்சான் தொப்பி கெடக்கு. அதுமேல மடிக்கா. மச்சானை இறங்க வேணாம்னு சொல்லுங்க.”

தெல்ஃபீன் எர்சிலியாவைப் பார்த்தார். அவள் முந்தின நாள் மாலை தம்பிக்குக் கஞ்சி கொண்டுபோனதை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

“நேத்து உள்ள போய் ரொம்பநேரம் இருந்தியே,” என்றார்.

“கஞ்சி குடுத்தேன். வேற ஒண்ணும் பேசல.”

“ஒண்ணுமே பேசல?”

“இல்ல மாமா.”

“நேத்துதான உன்கிட்டச் சொன்னேன்.”

“மாமா, அக்கா ஒண்ணும் சொல்லல,” என்று கத்தினான் ஹசிந்தோ. “எதுக்கு அக்காவைக் கேக்கீங்க? கண்டது நான்.”

“நீ கண்ட, அவ கண்டா. இந்த வீட்டுல எல்லாரும்தான் காண்றீங்க,” என்றார் தெல்ஃபீன். “பேசாமப் படு.”

எலோய் செருப்பின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தான். மனைவியின் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டான்.

“இதுவும் நீ சொல்லிக் குடுத்ததா?”

“இல்ல. மக மேல சத்தியமா இல்ல.”

அவன் அவள் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தான். அவள் கண்கள் சிவந்து, கீழே கறுத்து வீங்கியிருந்தன. அந்த முகத்திலிருந்து எதையும் கண்டுகொள்ள முடியாது.

“நல்லாத்தான் இருந்துச்சு,” என்றான். “துணி மடிக்கிறது. கயிறைவிட நல்லா இருக்கு.” எழுந்து தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டான். “இன்னைக்கு முடிச்சிருவேன். முடிச்சதும் உன் தம்பியை வெளிய விடு, நான் உள்ள போய்ப் படுக்கேன்.”

“மாமா!” என்று இன்னொரு முறை கூப்பிட்டான் ஹசிந்தோ. தெல்ஃபீன் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடைப்பக்கம் நடந்தார். எர்சிலியா பின்னால் போனாள். வேறு போக்கிடம் இல்லை. கயிற்றைப் பிடிக்க ஆள் வேண்டும்.

வெயில் கள்ளிகளுக்கு மேலே வந்தபோது வாளி கனமாக ஏறியது. மணல் அல்ல, கலங்கல். எலோய் கீழேயிருந்து தண்ணீர் என்று கத்தினான். தெல்ஃபீன் குழிவாயில் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தார். நூபியா வாளியில் கைவிட்டு முகத்தில் தேய்த்துக்கொண்டாள். எர்சிலியா வெறும் வாளியை மறுபடி இறக்கினாள். பாதி இறங்கியபோது கயிறு கையில் தொய்ந்தது.

பெரிய சத்தம் எதுவும் இல்லை. கள்ளிப்பட்டைக்குக் கீழே இருந்த சுவர் சுற்றிலும் ஒரேசமயத்தில் இறங்கியது. பிடிமானம் இல்லாமல் பட்டைகளும் அதன்மேல் போய் விழுந்தன.

ஹசிந்தோ போர்வையைக் கிழித்துக்கொண்டு ஓடிவந்தான். பக்கத்துக் குடியிருப்பிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மண்வெட்டி, தட்டு, பானை மூடி, கை, எது கிடைத்ததோ அதை வைத்துத் தோண்டினார்கள். தோண்டத்தோண்ட மணல் சரிந்தது. எலோயை வெளியே எடுத்தபோது வெயில் சாய்ந்திருந்தது. உயிர் இல்லை. குழியின் அடியில் தண்ணீர் முழங்கால் அளவு நின்றது. ஆடுகள் வாசனை பிடித்துக் கரைக்கு வந்துவிட்டன. யாரும் அவற்றை விரட்டவில்லை.

எலோயின் தாய்மாமன்மார் மறுநாள் வந்து உடலைத் தங்கள் குலத்து இடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். எர்சிலியாவும் மகளும் கூடப்போய்த் துக்கம் முடிந்து திரும்பினார்கள்.

கொஞ்ச நாள் கழித்து எலோயின் குலத்தார் சார்பில் பேச்சுக்காரர் வந்தார். ஒரு குலத்து ஆள் இன்னொரு குலத்து நிலத்தில் செத்தால், இழப்பைப் பேசித் தீர்க்க அப்படி ஒருவர் வருவது முறை. பந்தலில் அவருக்கு நல்ல தூளி கட்டியிருந்தார்கள். அவர் அதில் உட்காராமல் கட்டையில் உட்கார்ந்தார். கைத்தடியின் நுனியால் மண்ணில் கோடு போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பேசினார்.

“குழி யாரோடது?”

“எங்களோடது,” என்றார் தெல்ஃபீன்.

“தோண்ட ஆரம்பிச்சது யாரு?”

“எங்க பையன் ஹசிந்தோ.”

“அவன் தோண்டுன குழியில எங்க ஆளு எதுக்கு இறங்கினாரு?”

“பையன் இறங்கக்கூடாதுன்னு ஒரு கனவு சொல்லுச்சு.”

பேச்சுக்காரர் தடியை நிறுத்தினார். “யாரு கண்ட கனவு?”

எர்சிலியா அடுப்புக்குப் பக்கத்தில் கறுப்புத்துணி போர்த்தி உட்கார்ந்திருந்தாள். வாய் திறந்தாள்.

“நான் கண்டது,” என்றார் தெல்ஃபீன்.

பேச்சுக்காரர் தலையசைத்தார். கோட்டை மறுபடி இழுத்தார். வேறு யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.

அவர் மேலும் இரண்டு முறை வந்துபோனதில் பேச்சு முடிந்தது. கொடுக்க வேண்டிய ஆடுகளையும் பவளமணிகளையும் உறவினர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். ஓடைக் குழியை மூடிவிட்டார்கள். ஆகஸ்ட் கடைசியிலிருந்து தண்ணீர் லாரி வாரத்துக்கு ஒருமுறை ஹசாய்மனாவரை வந்தது. எர்சிலியா மகளோடு மனாவுரேவுக்குப் போய் உப்பளத்தில் சேர்ந்தாள். அங்கே அவளுக்கு எலோய் வேலை பார்த்த பாத்திக்கு அடுத்த பாத்தி கிடைத்தது.